ஆற்றுவாழையில் குதித்தவன்

மண்டூருக்குப் போகும் பாதைப் படகில், எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் நின்றார்கள். ஒருவர் கையிலிருந்த கித்துள் மரத்துப் பாணிப் போத்தலை மற்றவர் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆரு தந்த, மச்சான்?"

"ஹெலிகொப்டரால விழுந்தவன்."

நான் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சண்டைக்குள்ள நம்மட வயல் வட்டைக்குப் பக்கத்தில ஆமியை இறக்கினானுகளே. அவனுகள்ட பெரியவனுகள் மேல இருந்து, தண்ணியில மிதக்கிற ஆற்றுவாழையைப் பார்த்து, மாடு மேயிற தரவைப் புல்லு எண்டு நினைச்சுப்போட்டானுகள். குதிச்சவனுகள் எல்லாரும் சேத்துக்குள்ள. ஹெலி திரும்பி வரல்ல. மற்றவனுகள் எப்படியோ கரையேறிட்டானுகள். வயர்லெஸ் சுமந்த இவன் மட்டும் பாரத்தில தாண்டு போனான். நான் வயல் மட்டமடிக்கிற பலகையைத் தள்ளிக்கொண்டு போய் இழுத்தெடுத்தன்."

"அதுக்கா வருஷாவருஷம் வந்து பாணி தாறான்?"

"ஓம். இந்த முறைதான் மிச்சத்தைச் சொன்னான். கிட்ட வாறவனைச் சுடு எண்டு வயர்லெஸ்ஸில பெரியவனுகள் கத்தினானுகளாம். இவன் வயர்லெஸ்ஸை நிப்பாட்டிப்போட்டுத் துவக்கைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சவனாம். நனையாமப் பிடிக்கிறான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்ச."

மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

"மறுகா, அதைக் கேட்டிட்டு நீ என்ன சொன்ன?"

"இவ்வளவு வருஷமும் நான் வாங்கி மட்டும்தானே வெச்ச. வீட்டில கிடந்த நெல்லு மூட்டையை அவன்ட வேனில ஏத்திவிட்டன்."

"எந்த மூட்டை? விதைக்கு வெச்சதையா?"

"ஓம்."

"அப்ப இந்த மாரிக்கு என்னத்தை விதைக்கப் போறாய்?"

"அதுதான் உன்னோட கதைக்க வந்த நான்" என்று அவர் போத்தலை நண்பரின் கையில் வைத்தார்.