கிங் பின்னில் ஒரு கோடு

குரோமியம் பூசிய இரும்பு பார்க்க அழகாக இருக்கும், ஐயா. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

சங்கரன்கோவிலில் எங்கள் பட்டறைக்குத் தேய்ந்துபோன பஸ் கிங் பின்கள் வரும். முன்சக்கரத்தைத் தாங்குவது அதுதான். குரோமியம் பூசி, அளவுக்கு அரைத்துக் கொடுப்போம். அரைப்பது நான். அரைக்கும் கல்லை அதிகம் அழுத்தினால் சூட்டில் பூச்சோடு சேர்ந்து இரும்பும் மயிரிழையாக வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவினால், வெடிப்பு இருக்கும் இடத்தில் ஈரம் கசிந்து கோடு விழும். அந்தச் சோதனை கோமதியம்மாளின் வேலை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வாசலில் பஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அவசரத்தில் கல்லை அழுத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. மயிரிழை கணக்கா ஒரு கோடு ஓடுது" என்றாள்.

"தூள் ஒட்டியிருக்கு. நீ போய்ச் சாப்பிடு."

அவள் போனதும் நானே மறுபடி சோதித்தேன். மூன்று கோடுகள். இருபது வருஷத்தில் என் வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. துடைத்து, பளபளப்பாக்கி, கொடுத்தனுப்பினேன்.

தபசன்று வாசுதேவநல்லூர் பக்கம் முன்சக்கரம் கழன்று பஸ் குளத்துக்குள் இறங்கியது. டிரைவர் தங்கசாமியோடு சேர்த்து ஒன்பது பேர்.

முதலாளி கேட்டபோது, கோமதியம்மாள் அந்தப் பின்னைச் சோதிக்காமலே விட்டுவிட்டாள் என்றேன்.

"நான் பாத்தேன்லா அண்ணாச்சி? கோடு இருந்துச்சுல்லா?" என்று அழுதாள்.

"அது வேற பின்னு தாயி. நீ கொழம்பிட்ட."

அதட்டவில்லை. பார்க்கும்போதெல்லாம் அமைதியாக அதையே சொன்னேன். ஒரு மாதத்தில் அவளே, "பாக்காமத்தான் விட்டுட்டேனோ?" என்று கேட்க ஆரம்பித்தாள். பிறகு அப்படியே எழுதிய தாளில் கைநாட்டும் வைத்தாள். வேலை போயிற்று. இப்போது தங்கசாமி வீட்டில் கூலி வாங்காமல் மாட்டுத்தொழுவம் கூட்டுகிறாள்.

உடைந்த பின்னை மெட்ராஸ் சோதனைக்கூடத்தில் அறுத்துப் பார்த்து, அரைத்த சூட்டில் வெடித்தது என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கோடுகளைப் பார்த்தும் கொடுத்தவன் நான்தான்.

போன திங்கட்கிழமை கோமதியம்மாள் வந்து என் காலில் விழுந்தாள். "ஒம்போது உசுரு அண்ணாச்சி. ஒங்க பேரயும் கெடுத்துட்டேன்" என்றாள்.

தூக்கி நிறுத்தி, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.