தேர்வறையில் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசிய வெர்னா துவோராச்செக் அம்மையாருக்கு

நெப்ராஸ்கா மாநிலம் வில்லோ பெண்ட் நடுநிலைப் பள்ளியின் பெருமையே! ஆங்கிலம் புதிதாய்ப் பயிலும் பிள்ளைகளுக்கு அன்னையாய், ஆசானாய், அவர்தம் ஆண்டுத் தேர்வுக்கு அயராத காவலராய் நின்றவரே! பிப்ரவரிப் பனியில் எங்கள் அனைவருக்கும் முன்னே வந்து, உறங்கும் கணினிகளை ஒவ்வொன்றாய் எழுப்பிய உழைப்பின் உருவே! வணக்கம்.

ஓய்வுபெற்று விடைபெறுவோர் முன் இனிப்பான சொற்களை வாசிப்பதே மரபு. மேசைமேல் இருக்கும், பழக்கூழ் வைத்துச் சுட்ட கோலாச்சி ரொட்டியில் போதிய இனிப்பு இருப்பதால், நாங்கள் நடந்ததையே வாசிக்கிறோம். பொறுத்தருள்க!

இறைச்சி ஆலை வேலையை நம்பிக் கௌதமாலாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் கையில்தான் முதலில் வந்து சேர்ந்தனர். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கிலும் ஆண்டுதோறும் அவர்களுக்குத் தேர்வு. நான்கிலும் தேறியவர் மற்றப் பிள்ளைகளோடு கலப்பர்; தேறாதவர் தினமும் இரண்டு பாடவேளை துணை ஆங்கில வகுப்பில் அமர, அந்நேரத்தில் மற்றவர் தாம் விரும்பிய பாடத்தைக் கற்பர். அந்தத் தேர்வறையில், விதிப்படி, தங்கள் திருவாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வரும். "மிஸ், இது என்ன வார்த்தை?" என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், "என்னால உதவ முடியாதும்மா, உன்னால முடிஞ்சதச் செய்" என்பீர்கள். அழுத பிள்ளைக்குக் கைக்குட்டை கிடைக்கும். கூடவே அதே வாக்கியமும் கிடைக்கும். என்னே தங்கள் உறுதி!

எல்விரா இஷ்கோய் ஐந்து வயதில் இந்நாட்டுக்கு வந்து, ஆறாம் வகுப்பில் தங்களிடம் சேர்ந்தவள். எட்டாம் வகுப்புக்குள் ஆங்கிலத்தில் அரட்டையடிக்கவும் சண்டை பிடிக்கவும் எங்களையெல்லாம் கேலி செய்யவும் வல்லவளாய் வளர்ந்தாள். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் தேறுவாள், பேசுதலில் விழுவாள். கணினித் திரையில் படம் தோன்றி "விவரித்துச் சொல்" என்னும்; அவளோ ஒரு வரி சொல்லி நிறுத்துவாள். கௌதமாலாவின் கிச்சே மொழி பேசும் அவள் வீட்டில், கண்முன் இருப்பதைப் பெரியவர்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்.

"ஏன் எல்விரா ஒரே வரியில நிறுத்திடற?" என்று தாங்கள் ஒருநாள் தாழ்வாரத்தில் கேட்டீர்கள்.

"படம் அதுகிட்டதானே இருக்கு மிஸ்! அதுக்கே போய் நான் கதை சொல்லணுமா? அது என்ன குருடா?"

கேட்ட நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் செவிலியர் உதவியாளர் வகுப்பில் சேர அவள் ஏங்கியதும், துணை ஆங்கில வகுப்பு அதே பாடவேளையில் வருவதும் தங்களுக்குத் தெரியும். அங்கே போகுமுன் இவ்வாண்டுத் தேர்வே அவளுக்குக் கடைசி வழி.

அந்நாளும் வந்தது. காதொலிக்கருவி அணிந்து அமர்ந்தாள் எல்விரா. முதற்படத்துக்கு ஒரு வரி. இரண்டாம் படம் விரிந்தது. அவளருகே குனிந்தீர்கள். பணிக்காலம் முழுதும் கட்டிக் காத்த நா அன்று கட்டவிழ்ந்தது.

"அது குருடுதான் எல்விரா, எல்லாத்தையும் சொல்லு."

பேசினாள் அம்மையீர், பேசினாள்! மழையை அளக்கும் பிள்ளைகளின் படம் அது. யார் அளப்பது, ஏன் அளப்பது, சிவப்புக் காலணிக்காரி அளவுக்குழாயை மரத்தடியில் வைத்தது ஏன் தவறு என்று, பதிவு நேரம் தீர்ந்து கணினி தானே நிற்கும்வரை பேசினாள். பக்கத்துப் பிள்ளைகள் தம் கருவிகளைக் கழற்றிவிட்டு வாய் பிளந்தனர். தாங்களோ சன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இம்மடல் எவ்வளவு எளிதாயிருக்கும்! நண்பகலில் தாங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தை அழைக்கத் தொலைபேசியை எடுத்தீர்கள். நூலகர் ஜோலீன் பதறி ஓடிவந்தார்.

"வெர்னா, போனைக் கீழ வைங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும்! அந்தப் பொண்ணோட வாழ்க்கைங்க இது."

"எத்தனை பிள்ளைங்க என் முன்னாடி அழுதிருக்கு, ஜோலீன்? ஒருத்தருக்கும் நான் வாயத் திறக்கல. அவங்களுக்கு இல்லாத சலுகை இவளுக்கு மட்டும் எப்படி?"

தாங்கள் எண்ணை அழுத்தி, நடந்ததை அப்படியே சொன்னீர்கள்.

எல்விராவின் பேசுதல் தேர்வு செல்லாது என்றது அலுவலகம். மறுதேர்வு அடுத்த ஆண்டுதான். தாங்கள் இவ்வாண்டோடு ஓய்வு பெறுவது நலம் என்றும் அறிவுரை வந்தது. அதே அலுவலகம் 'நேர்மைக்கு' என்று பொறித்து அனுப்பிய கண்ணாடிப் பரிசு, இதோ, ரொட்டித் தட்டின் அருகே பளபளக்கிறது. கண்டு களிப்பீராக!

மறுவாரம் எல்விரா தன் தாய் தொமாசாவோடு வந்தாள். தாயின் கேள்விகளை மகளே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நான் தப்பாப் பேசிட்டேனான்னு அம்மா கேக்கறாங்க."

"இல்லம்மா. நீ அவ்வளவு நல்லாப் பேசி நான் கேட்டதே இல்ல."

"அப்புறம் ஏன் செல்லாதுன்னு கேக்கறாங்க."

"நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். அத நானே ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

இதை எல்விரா உடனே தாயிடம் சொல்லவில்லை. தங்களிடம், "சொல்லிக் குடுத்ததுக்கு தேங்க்ஸ், மிஸ். அத போய்ச் சொன்னதுக்கு இல்ல" என்றாள். பின்பு தாய்ப்பக்கம் திரும்பிக் கிச்சேயில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, எங்களில் எவரும் அறியோம். தொமாசா தங்கள் இரு கைகளையும் பற்றிக்கொண்டு நெடுநேரம் நன்றி சொன்னார். கைகளை விடுவித்துக்கொள்ளவும் மாட்டாமல், ஏற்றுக்கொள்ளவும் மாட்டாமல் தாங்கள் நின்ற நிலையை நாங்கள் மறக்கவில்லை.

வசந்தம் முழுதும் ஆசிரியர் அறையில் இதே பேச்சு. குற்றம் தேர்வு விதியின்மேல் என்பார் சிலர். தங்கள்மேல் என்பார் சிலர். எல்விராவின்மேல் என்று சொன்னவர் ஒருவருமில்லை. உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவளுடைய பாட அட்டவணை வந்துவிட்டது: துணை ஆங்கிலம், இரண்டு பாடவேளை. செவிலியர் உதவியாளர் வகுப்பு அதில் இல்லை.

அம்மையீர்! முழங்கால் நோவு நீங்கி, மூச்சு முட்டாமல், பனிக்காலக் காலைகளில் போர்வைக்குள் பொழுது விடியக் காணும் பேறு பெற்றுப் பல்லாண்டு வாழ்க! தவிக்கும் பிள்ளை எதிரே வந்தால், எவர் அனுமதியும் வேண்டாமல், எவருக்கும் அறிவிக்கவும் வேண்டாமல், மனத்தில் பட்டதை வாய்விட்டுச் சொல்லி வாழ்க!

இங்ஙனம்,
தங்களை நேசிப்பதில் குறையாத,
தங்களை மன்னிப்பதில் இன்னும் தேறாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
வில்லோ பெண்ட் நடுநிலைப் பள்ளி.