வெளியே வந்த இரண்டு ஓட்டுகள்

ஜெயராணி: ...கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கண்ணா. நானும் வெளிய வந்துட்டேன்.

சென்றாயன்: வாங்க டீச்சர். உள்ள ஓட்டு முடிஞ்சிருச்சா?

ஜெயராணி: எங்க... இப்பதான் ரெண்டு ஃபைலையும் எடுத்தாங்க.

சென்றாயன்: அப்ப நீங்க உள்ளதான இருக்கணும்? பாப்பாரப்பட்டி பள்ளிக்கூடத்துக்குப் பேச உங்களை வுட்டா யாரு இருக்கறாங்க?

ஜெயராணி: வத்தல்மலை ஹாஸ்டலுக்குப் பேச வேண்டிய ஆளே பெஞ்சில ஒக்காந்திருக்கறாரு.

சென்றாயன்: நான்தான் எழுந்து சொன்னேனே. ஹாஸ்டல் வரப்போற எடம் எங்க குடும்பத்து எடம். சொந்த சம்பந்தம் இருக்கற உறுப்பினர் ஓட்டுப் போடக்கூடாது. கல்விக் கட்டட நிதி வாரியத்து விதிங்க.

ஜெயராணி: அந்த விதியை இத்தனை வருஷத்துல யாரும் திறந்துகூடப் பாத்ததில்ல.

சென்றாயன்: நான் பாத்தேன். மலையிலேருந்து பஸ்ஸில வர்றப்ப முழுசாப் படிச்சேன். பதினாலு பக்கம். தலைவருக்கே ஒரு ஓட்டுதான், தெரியுமா உங்களுக்கு?

ஜெயராணி: சிரிக்காதீங்க. இந்த வருஷம் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நிதி. உங்களுக்கு பயமே இல்லையா?

சென்றாயன்: என்னத்துக்குங்க பயம்? தங்கிப் படிக்க எடமில்லாம எட்டாவதோட பதினோரு பொம்பளப் புள்ளைங்க நின்னுருக்குதுங்க. ஃபைல்லயே இருக்குது. படிச்சுப் பாக்கறவங்க போடுவாங்க... நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? தலவலியா?

ஜெயராணி: தலவலின்னுதான் சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க எழுந்து போனதும் உங்க காலி நாற்காலியையே பாத்துட்டிருந்தேன். அப்பறம்... நானும் எழுந்து சொல்லிட்டேன்.

சென்றாயன்: என்னன்னு?

ஜெயராணி: பாப்பாரப்பட்டி பள்ளிக்கூடத்து நிர்வாகி அந்தோணி பிரகாஷ்... எங்கூடப் பொறந்த தம்பின்னு.

சென்றாயன்: ம்.

ஜெயராணி: வெறும் ம் தானா? ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் சொல்லல நான். போன வருஷம் அவன் கேட்ட ஆய்வுக்கூடத்துக்கு நானே பேசி, நானே கைதூக்கினேன். அதையும் சேத்துச் சொன்னேன். செயலர் எழுதிக்கிட்டாரு.

சென்றாயன்: தம்பி கோவிச்சுக்குவாரே.

ஜெயராணி: ஞாயித்துக்கிழமை கோயில்ல மூஞ்சியத் திருப்பிக்குவான். திருப்பட்டும்.

காவியா: மேடம்... ஐயா... செயலர் உங்க ரெண்டு பேரையும் உள்ள வரச் சொல்லி அனுப்பினாரு.

சென்றாயன்: ஓட்டு என்னாச்சு காவியா?

காவியா: வத்தல்மலைக்கு நாலு, பாப்பாரப்பட்டிக்கு மூணுங்கய்யா.

ஜெயராணி: ...நல்லதுண்ணா. நெசமாத்தான் சொல்லறேன். நாம உள்ள இருந்திருந்தாலும் அஞ்சுக்கு நாலுன்னு உங்க பக்கம்தான்.

சென்றாயன்: அதெப்படிங்க? நீங்க பேசியிருந்தா ரெண்டு பேராவது அந்தப் பக்கம் சாஞ்சிருப்பாங்க. போன வருஷம் நானே சாஞ்சேன்.

காவியா: ஐயா, இன்னொண்ணு... செயலர் உங்க எடத்துப் பத்திரத்தை எடுத்துப் பாத்தாரு. போன வருஷமே கல்வித் துறைக்கு தானமா எழுதிக் குடுத்துட்டீங்களாம். நீங்க வெளிய வரவே வேண்டியதில்லைன்னு சொன்னாரு.

ஜெயராணி: அப்படியா? அது தெரிஞ்சுமா எழுந்தீங்க? ஏண்ணா?

சென்றாயன்: தம்பி விஷயம் எனக்கு ஆறு மாசமாத் தெரியும் டீச்சர். அத்தனை பேரு முன்னால நான் சொல்லறதவிட நீங்களே சொல்லறதுதான மரியாதை... நான் எழுந்தா நீங்களும் எழுந்துருவீங்கன்னு நம்பினேன்.