பட்டறையில் ஒரு போட்டோ

தங்கச்சி: அந்த முகமூடியைக் கழட்டுண்ணா. தலைகீழா மாட்டியிருக்கே.

அண்ணன்: அட... அதான் ஒண்ணும் தெரியலையா?

தங்கச்சி: இந்தப் பட்டறையை ஆரம்பிச்சவரு! வெல்டிங் முகமூடி எந்தப் பக்கம்னு தெரியல.

அண்ணன்: பழக்கம் விட்டுப்போச்சும்மா. எம்.எல்.ஏ. ஆகி எத்தனை வருஷமாச்சு?

வெல்டர்: இப்படிக் குடுங்க முதலாளி, நான் மாட்டிவிடறேன்.

தங்கச்சி: யாரு முதலாளி? உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது நான்.

வெல்டர்: வாய் தவறி வந்துடுச்சும்மா. ஆரம்பத்துலேர்ந்து அப்படியே கூப்பிட்டு...

அண்ணன்: கூப்பிட்டா கூப்பிடட்டுமே! வாசல்ல போட்டோக்காரர் காத்துக்கிட்டிருக்காரு. எலெக்‌ஷன் போஸ்டருக்கு, நான் பீரோக் கதவைப் பத்த வைக்கிற மாதிரி ஒரு படம். பக்கத்துல நீ சிரிச்சுக்கிட்டு நிக்கணும். கீழே என்ன போடப்போறோம் தெரியுமா? ‘தொழிலை நடத்தினவர், தொகுதியையும் நடத்துவார்!’

தங்கச்சி: நான் சிரிக்கணுமா?

அண்ணன்: லேசா சிரிச்சாப் போதும்.

தங்கச்சி: இது யாருக்குச் செஞ்ச பீரோண்ணா?

அண்ணன்: பள்ளிக்கூடத்துக்கு...

தங்கச்சி: ஆமா. திரும்பிப் பாரு. சுவர் கண்ணுக்குத் தெரியுதா? அத்தனையும் பள்ளிக்கூடத்து பீரோ. தூசி படிஞ்சு நிக்குது. தூக்கிட்டுப் போக நாதியில்ல.

அண்ணன்: வியாபாரம்னா ஏத்த இறக்கம்...

தங்கச்சி: ஏத்த இறக்கமா! சட்டம் போட்டீங்களேய்யா! பள்ளிக்கூடத்துக்கு மேசை, பெஞ்சு, பீரோ எல்லாம் இனிமே பெரிய கம்பெனிகிட்டதான் வாங்கணும்னு! பட்டறைக்காரன் வாசப்படியே ஏறக்கூடாதுன்னு!

அண்ணன்: கொஞ்சம் மெதுவா பேசு. போட்டோக்காரர் காதுல விழப்போவுது.

தங்கச்சி: விழட்டுமே!

வெல்டர்: முதல்ல படத்தை எடுத்து முடிச்சுடலாம்மா. முதலாளி... சாரிம்மா... ஐயா, வெல்டிங் ராடை இப்படிப் பிடிங்க. லேசா உரசுங்க. அழுத்தாதீங்க... அய்யய்யோ, அழுத்தாதீங்க!

அண்ணன்: என்னய்யா இது, கதவோட ஒட்டிக்கிச்சு! இழுத்தாலும் வரமாட்டேங்குது!

தங்கச்சி: வராது. நீ நாற்காலியில ஒட்டிக்கிட்ட மாதிரிதான்.

அண்ணன்: இந்தா, எகத்தாளம்தானே வேணாங்கிறது.

தங்கச்சி: எகத்தாளம் இல்ல, வயித்தெரிச்சல். பட்டறைக்காரங்க சங்கத்துக்கு நீ தலைவரா இருந்தப்போ என்ன செஞ்சே? பெரிய கம்பெனிக்கு வழிவிட்டான்னு ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல்ல நாள் முழுக்க வெயில்ல உட்காரல? அந்தக் கோவத்தைப் பார்த்துதானே கட்சியில உனக்கு சீட்டே குடுத்தாங்க!

வெல்டர்: நானும் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்மா. கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போச்சு அன்னிக்கு.

அண்ணன்: இப்பவும் அதே ஆளுதான்யா நான்.

தங்கச்சி: அப்படின்னா சொல்லு. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினியா, இல்லையா?

அண்ணன்: அன்னிக்கு நான் சபைக்கே போகலையேம்மா. காய்ச்சல். எழுந்திருக்கவே முடியல.

தங்கச்சி: காய்ச்சலா...

அண்ணன்: போயிருந்தா சும்மா விட்டிருப்பேனா? சபையே அதிர்ற மாதிரி கத்தியிருக்க மாட்டேன்?

வெல்டர்: நானும் இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். ‘அவரு நம்ம பீரோவைத் தலையில சுமந்தவருடா, நம்ம வயித்துல அடிப்பாரா’ன்னு டீக்கடையில சண்டையே போட்டேன்.

தங்கச்சி: சண்டை போட்டீங்களா? இந்த ஆளுக்காகவா?

வெல்டர்: ஏம்மா அப்படிக் கேக்கிறீங்க?

தங்கச்சி: இந்த மாசத்தோட பட்டறையை மூடப்போறேன். உங்க எல்லார்கிட்டயும் எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத் தவிச்சுக்கிட்டிருக்கேன்.

வெல்டர்: மூடறீங்களா... அம்மா, என்ன சொல்றீங்க? இந்த வயசுல நான் எங்க போவேன்?

அண்ணன்: அவசரப்படாதே. எலெக்‌ஷன் முடியட்டும். நான் மந்திரி ஆயிட்டேன்னா...

தங்கச்சி: ஓ! அதுதான் கூலியா? கையைத் தூக்கினதுக்கு மந்திரிப் பதவியா?

அண்ணன்: தூக்கலைன்னு சொல்றேனே!

தங்கச்சி: என்கிட்ட சொல்லாதே. இவரு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

அண்ணன்: காய்ச்சல்யா... நிஜமாவே... உடம்பு கொதிச்சுது...

வெல்டர்: நான் நம்பறேன் முதலாளி.

தங்கச்சி: நம்பாதீங்க! அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன்.

அண்ணன்: எங்கே?

தங்கச்சி: சட்டசபையில. மேல, பார்வையாளர் மாடத்துல. எங்க அண்ணன் எழுந்து நம்மளுக்காகப் பேசப்போறான்னு நல்ல புடவையாப் பார்த்துக் கட்டிக்கிட்டு வந்தேன். நீ கையைத் தூக்கினே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்னைப் பார்த்துட்டு எனக்குத்தான் கை காட்டறேன்னு நினைச்சேன்! பைத்தியக்காரி மாதிரி நானும் எழுந்து நின்னு கையை ஆட்டினேன்!

வெல்டர்: அம்மா...

தங்கச்சி: காவலாளி வந்து ‘உட்காருங்கம்மா’ன்னு அதட்டினாரு. பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட ‘அதான் எங்க அண்ணன்’னு வேற பெருமையாச் சொன்னேன். அவதான் சொன்னா, ‘உங்க அண்ணன் கை காட்டலைம்மா, ஓட்டுப் போடறாரு’ன்னு.

வெல்டர்: முதலாளி, இல்லைன்னு சொல்லுங்க... சொல்லுங்களேன்!

அண்ணன்: அரசியல் உங்களுக்குப் புரியாதுய்யா. கட்சி ஒரு முடிவு எடுத்துட்டா...

வெல்டர்: அந்த ராட்லேர்ந்து கையை எடுங்க.

அண்ணன்: என்னய்யா?

வெல்டர்: எடுங்கன்னேன். அது எங்க வேலை.

அண்ணன்: ஏம்மா, இவ்வளவு நாள் மனசுல வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீ?

தங்கச்சி: வெக்கமா இருந்துச்சுண்ணா. யார்கிட்டயும் சொல்லல. ஒண்ணே ஒண்ணை நினைச்சுதான் மனசைத் தேத்திக்கிட்டேன். கூட்டத்துல நீ என்னைப் பார்த்திருக்க மாட்டே. தங்கச்சி இருக்கான்னு தெரிஞ்சிருந்தா உனக்குக் கை எழும்பியிருக்காதுன்னு. அது நிஜம்தானே? அதை மட்டும் சொல்லிட்டுப் போ. போட்டோக்குச் சிரிச்சுக்கூட நிக்கிறேன்.

அண்ணன்: ...போட்டோ வேணாம்மா. நீ மாடத்துல இடம் தேடி உட்கார்ந்தப்பவே பார்த்துட்டேன். அதுக்கப்புறம்தான் கையைத் தூக்கினேன்.