ஒரு படி தாண்டி வந்த மேல்முறையீடு

நான் உயர் நீதிமன்றத்தில் மனு வாங்கும் பிரிவில் எழுத்தர். வயது ஐம்பத்திரண்டு. நீதிமன்றத்துக்குப் பின்னாலுள்ள ஊழியர் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், மனைவியோடும் மாமியாரோடும் வசிக்கிறேன். விசாரணை அதிகாரி கேட்டதன்பேரில் இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் பதினான்காம் தேதி மாலை நாலே காலுக்கு, தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காகிதக் கட்டைச் சிறுபிள்ளையின் தலை ரிப்பனால் கட்டியிருந்தார். பிரித்துப் படித்தேன். இறந்துபோன அக்காவின் பெண்ணைக் கைக்குழந்தையிலிருந்து அவர்தான் வளர்த்துவருவதும், ஏழு வருடம் எட்டிப் பார்க்காத தகப்பன் வழக்குப் போட்டதும், பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்கும்படி கீழமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதில் இருந்தன. மேல்முறையீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள்.

அதன் பிறகு நான், "இது இங்க வராதும்மா. மொதல்ல மாவட்டக் கோர்ட்டுக்குப் போகணும். அங்கயும் தோத்தாதான் இங்க. நீங்க ஒரு படியத் தாண்டி வந்துட்டீங்க" என்றேன்.

"பெரிய கோர்ட்னா நல்லா கேப்பாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அழவில்லை. ரிப்பனை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

மாவட்ட நீதிமன்றம் பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கே ஐந்து மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அங்குள்ள பெண் எழுத்தருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வந்தா நாள் தாண்டிடுச்சும்பாங்க சார், நான் என்ன பண்ண?" என்றார்.

விதிப்படி நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அது தெரிந்தே அன்றைய தேதி முத்திரை குத்தி, இடம் மாறி வந்தது, மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தபால் பையில் போட்டேன். தேதியை மாற்றவில்லை. அவரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

அதன் பிறகு மாவட்ட நீதிபதி அந்தத் தேதியையே மனு கொடுத்த நாளாக ஏற்றுக்கொண்டதாகவும், வழக்கு முடியும்வரை பிள்ளை சித்தியிடமே இருக்க உத்தரவிட்டதாகவும் அறிந்தேன். தகப்பனின் வக்கீல் என்மேல் புகார் கொடுத்தார். இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன். மாமியார், "யாருக்கோ முத்திரை குத்தி நம்ம வீட்டு அடுப்ப அணைச்சிட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். மறுநாள் அவரே அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். முத்திரை குத்தியதைத் தவறுதலாகச் செய்தேன் என்று அதிகாரி எழுதியிருந்தார். "இப்படியே இருக்கட்டும், உங்களுக்குத்தான் நல்லது" என்றார். அந்தச் சொல்லை அடித்துத் தெரிந்தே என்று எழுதச் சொன்னேன். திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன.

(ஒப்பம்)