டில்லரிக்கு ஒரு ஓட்டு

அட, கோவமெல்லாம் இல்ல தம்பி. அந்த ஒரு ஆட்டத்தைப் பத்திக் கேக்காம போகமாட்டீங்கன்னு வாசல்ல வண்டியை நிறுத்தும்போதே தெரியும். உக்காருங்க. என் வீட்டுக்காரி லொரெய்ன் பியரோகி கொழுக்கட்டை வதக்கி வச்சிருக்கா, ஆறிப்போறதுக்குள்ள எடுத்துக்கங்க. இந்தப் பனியில ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க.

என்னது? கார்னெல் டில்லரிக்கு கேன்டன்ல இருக்கற அமெரிக்கன் ஃபுட்பால் புகழ் மண்டபத்துல சிலை வைக்கலாமாவா? இதென்ன கேள்வி! பந்தை எறியறவன் கையிலேருந்து பந்து போறதுக்கு முன்னாடி பாஞ்சு போய் அவனை மண்ணுல சாய்க்கணும். அதான் டில்லரி பொழப்பு. பதிமூணு வருஷத்துல நூத்திப் பதினெட்டு தடவை சாய்ச்சான். எறியறவனுக்கு இடப்பக்கம் காவல் நிக்கிறது என் பொழப்பு. அவன் டீமோட ஆட்டம்னா அந்த வாரம் பூரா எனக்குச் சாப்பாடு எறங்காது. லொரெய்னைக் கேளுங்க.

ஆமா, தெரியும். ஓட்டுப் போடற உங்க கமிட்டியில வருஷா வருஷம் இதைத்தான் சொல்றாங்க. பெரிய ஆட்டம்னா டில்லரி காணாம போயிடுவான்னு. அவன் பேரை ஓட்டுக்கு விடறதுக்கு இது கடைசி வருஷம் வேற. இப்ப விட்டா பழைய ஆளுங்க பட்டியல்ல தூக்கிப் போட்டுடுவாங்க, அதுலேருந்து மீண்டு வர்றது லேசுல நடக்காது. அடுத்த வாரம் அந்த ரூம்ல அவனுக்காக எந்திரிச்சுப் பேசவேண்டிய ஆளு நீங்க. கேக்காம என்ன செய்வீங்க, பாவம்.

சரி, படத்தைப் போடுங்க. போன்லயா? இருங்க, கண்ணாடி எங்கன்னு பாக்கறேன்.

ம்ம். இதான் அந்த ஃபைனல். பாருங்க, மூணாவது தடவை மோதறோம். நான் குப்புற விழுந்துட்டேன். அவன் என்னைத் தூக்கி விடறான், பாத்தீங்களா? அதுக்கப்புறம் ஆட்டம் முடியற வரைக்கும் வெளிப்பக்கமாவே சுத்திச் சுத்தி ஓடறான். ஒரு தடவைகூட என் மேல நேரா வந்து இடிக்கல. பயந்துட்டான்னு டீவியில அளந்தாங்க. பயமாம், பயம்! கரடி மாதிரி ஆளு அவன்.

நிறுத்துங்க. என் காலைப் பாருங்க. வலது முட்டியில எம்மாம் பெரிய கட்டு? அந்தக் கால் நல்ல கால் தம்பி. நாங்க எல்லாரும் செய்யறதுதான். நல்ல முட்டியில கட்டுப் போடுவோம், எதிராளி அதைக் குறி வச்சு ஏமாறட்டும்னு. போனது இடது முட்டி. டாக்டர் ஆடவே கூடாதுன்னாரு. நான் டீம்ல சொல்லாம மறைச்சுட்டேன். ஒப்பந்தம் முடியற வருஷம், ரெண்டு கைக்குழந்தை, வேற என்ன செய்ய?

அப்படி விழுந்தப்ப கத்திட்டேன். தூக்கி விடறப்ப காதுகிட்ட கேட்டான், எந்தக் காலுடான்னு. ஏன் சொன்னேனோ, இன்னிக்கு வரைக்கும் புரியல. இடதுன்னுட்டேன். தலையை ஆட்டிட்டுப் போனவன் அப்புறம் அந்தப் பக்கமே வரல. வந்திருந்தா ஒரே இடி, என் கதை முடிஞ்சிருக்கும். நாங்க மூணு புள்ளியில ஜெயிச்சோம்.

ஜெயிச்ச டீமுக்குக் குடுக்கற மோதிரமா? எனக்குக் கிடைச்சுது. அதோ சுவத்துல தொங்குதே தங்கக் கலர் கோட்டு, கேன்டன் மண்டபத்துல சேத்துக்கறப்ப குடுப்பாங்களே, அதுவும் கிடைச்சுது. அந்த முட்டியை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இன்னும் ஒம்பது வருஷம் ஆடினேன்ல.

இல்ல, யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. ஆட்டம் முடிஞ்சதும் மைக்கைக் கொண்டாந்து நீட்டினாங்க. டில்லரி எங்க, மைதானத்துல இருந்தானா என்னன்னு கேட்டவன் நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அதைத்தான் உங்க ஆளுங்க இருபத்தெட்டு வருஷமா திருப்பித் திருப்பிச் சொல்றாங்க.

எழுதுங்க, வேணாம்னா சொல்றேன்? ஆனா எழுதினா அவன் கூட ஆடின நாப்பது பேரும் காறித் துப்புவாங்க. எங்களைத் தோக்க வச்சுட்டு எதிரி காலைப் பாத்தியான்னு. அதனாலதான் நேத்து அவனுக்கே போன் போட்டேன். சொல்லிடட்டுமாடான்னு கேட்டேன். அதை விட்டுட்டு, இப்ப உன் முட்டி எப்படிடா இருக்குன்னான்.