பத்து மணிக்குப் பூட்டியிருந்த வீடுகள்

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை சொல்ல வேண்டும். கைபேசியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்... நன்றி.

ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே, வெகு தூரத்தில், அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். வேலையெல்லாம் நகரத்தில். அதனால் விடியற்காலையில் ஒரு பேருந்தும் விட்டார்கள். கொஞ்ச நாளில் மேலிடத்துக்கு ஒரு சந்தேகம்... இந்தப் பேருந்து தேவைதானா? பொருளாதார ஆய்வாளர் சுகிர்தாவை ஆராயச் சொன்னார்கள்.

சுகிர்தா கெட்டிக்காரி. நேர்மையானவள். அதையும் சொல்லிவிடுகிறேன். குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்தாள். காலை பத்து மணிக்குக் குழுவோடு போய்க் கதவைத் தட்டினாள். வீடு பூட்டியிருந்தால்? அதை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது. அதுதான் அவர்கள் வழக்கம்.

ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

“ஐயா, காலை பஸ்ல போறீங்களா?”

“பஸ்ஸா? நான் எங்கம்மா போறேன்? இனிமே எமன் வண்டி அனுப்பினாத்தான் போவேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். பதிலைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் கைக்குழந்தைக்காரி. அதற்கடுத்து, கால் முறிந்து படுத்திருந்தவர். யாருமே பேருந்தில் போகவில்லை! அறிக்கை போனது. பேருந்து நின்றது.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா அங்கே போனாள். மாடிப்படியில் அஞ்சுகம் என்று ஒரு பெண், பாத்திர மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கேக்கா கிளம்பிட்டீங்க?”

“பழைய இடத்துப் பக்கமே போறேன் மேடம். ஆஸ்பத்திரி கேன்டீன்ல எனக்கு இட்லி ஊத்துற வேலை. விடியறதுக்குள்ள அங்க இருக்கணும். பஸ்ஸ நிறுத்திட்டாங்க. வீட்டப் பாத்தா வேலை போயிடும். வேலையப் பாத்தா வீடு போயிடும். வீட்டையா திங்க முடியும்?”

“நாங்க கேக்க வந்தப்ப சொல்லியிருக்கலாமே அக்கா?”

“எப்ப வந்தீங்க?”

“பத்து மணிக்கு...”

“நல்ல நேரம் பாத்தீங்க போங்க! அப்ப நான் அங்க சட்னி அரைச்சிட்டிருப்பேன்.”

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு விடுமுறை. வரிசையாக எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது... உள்ளே பேச்சுக் குரல், தாளிக்கும் வாசனை. தான் தாண்டிப் போன வீடுகள் எவை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மறுநாளே அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? “நீங்கதானே மேடம் தேவையில்லைன்னு எழுதினீங்க?” புதிய அறிக்கை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். பேருந்து வரவில்லை.

இதில் பொய் சொன்னவர் யார்? பெரியவரா? சுகிர்தாவா? ஒருவரும் இல்லை. பேருந்தில் போனவர்களை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கேட்டார்கள்... கேட்டுவிட்டு, யாரும் போவதில்லை என்று முடிவு கட்டினார்கள்.

அடுத்த வாரம், நம் காய்கறிச் சந்தையை இடம் மாற்றலாமா என்று கேட்க நீங்கள் வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். உங்களுக்கு வசதியான நேரத்தில் போகாதீர்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால், அந்த ஆள் எங்கே போனார் என்று கேளுங்கள். காத்திருங்கள். மறுபடி போங்கள். அறிக்கையை எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்... அஞ்சுகம் இன்றைக்கும் ஆஸ்பத்திரி மதிலோரம்தான் படுத்திருக்கிறாள்.